ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும்

கும்மிடிப்பூண்டிப் பெருமக்கள் அனைவருக்கும் மிகுந்த பொறுப்புடன் அறிவிப்பது: எங்கள் வீட்டுப் பசு சிமெண்ட் செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டாவை மறுத்துவிட்டது. (சாம்பல் நிறம், அதனால் அந்தப் பெயர். வைத்தவன் நான்.)

வழக்கம்போல் அப்பா மாட்டு டாக்டர் தணிகைமணிக்குப் போன் போட்டார். எடுத்தவர் டாக்டரின் மகள். கேட்டுவிட்டு அப்பா தவிட்டு வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "டாக்டர் தூக்கத்துலயே பூட்டாராம்டா."

அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். அவருக்குப் போன் செய்து "ம்மா..." என்று கத்துகிற பையன் நான்தான். ஒருநாளும் திட்டியதில்லை. "எத்தினி லிட்டர் கறக்குற? கறக்கலன்னா சொல்லு, கசாப்புக் கடைல விலை கேக்குறேன்" என்பார்.

போன வருஷம் சிமெண்டுக்கு ஊசி போட வந்தார். மேலிருந்து கத்தி அவரைத் திடுக்கிட வைக்கலாமென்று கொட்டகைத் தகரத்தின் மேல் படுத்திருந்தேன். தகரம் என் கட்சியில் இல்லை. தகரமும் நானும் ஒன்றாக இறங்கினோம். என் கெண்டைக்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது.

அத்தை காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். அதற்குள் டாக்டர் புதுக் கையுறை மாட்டி, பையிலிருந்த சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திவிட்டார்.

"கைய எடுங்க சார்! நீங்க மாட்டு டாக்டரு!" என்று அம்மா அலறினார்.

"மாட்டுக்கு முழு டாக்டர்ம்மா. உம் பையனுக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்தான். போன் போடு. தையலு, மருந்து எதையும் நான் தொட மாட்டேன். அந்தத் தூள உள்ள எடுத்துக்கினு போ, அப்பால காப்பி போடலாம்."

அம்மா என் காலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். எப்படி நம்பினாய் என்று அப்புறம் கேட்டேன். "தனக்கு இன்னா தெரியாதுன்னு மொதல்லயே சொன்னாரே, அதான்."

கம்பி லாரிகளுக்கு நடுவே வண்டி நுழைந்து வர நேரமாயிற்று. அதுவரை கையை எடுக்காமல், ஊசி போடும்போது மாடுகளிடம் சொல்வதையே என்னிடமும் சொன்னார்: "அவ்ளோதான் ராசா, அவ்ளோதான்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு வார்த்தைதான். இன்று காலை சிமெண்டின் கழுத்தைத் தடவிச் சொல்லிப் பார்த்தேன். அது என்னைத் தாண்டி வாசல் கேட்டையே பார்த்தது. அவருடைய பைக் சத்தத்துக்குத்தான். நானும் பார்த்தேன்.

அன்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் தனியாக ஆம்புலன்சில் ஏறினேன் என்று பள்ளியில் ஒரு தொடர் சொற்பொழிவே நடத்தியிருக்கிறேன். டாக்டர் எதிரிலும் அளந்திருக்கிறேன். "ஆமா ஆமா, சிங்கம்" என்று தலையாட்டுவார்.

இனி அப்படித் தலையாட்ட ஆளில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அவர் சட்டையை நான் விடவேயில்லை. "டாக்டர், போவாதீங்க" என்று நான் அழுத அழுகையில் அவரும் வண்டியில் ஏறினார். சாணி ஒட்டிய செருப்பை ஆஸ்பத்திரி வாசலில் கழற்றிவிட்டு, கடைசித் தையல் வரைக்கும் வெறுங்காலோடு என் தலைமாட்டில் நின்றார்.

ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும்தான் என்று சொன்னவர்.