முதல் ரவுண்டும் இரண்டு பொட்டலங்களும்

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை எங்கள் வீட்டில் சமையல் கிடையாது. பீட்சா வாங்கிவிடுவோம். அன்றைக்குத்தான் அமெரிக்கன் ஃபுட்பாலின் டிராஃப்ட். கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை முப்பத்திரண்டு அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். அன்று நடப்பது முதல் ரவுண்டு, அணிக்கு ஒரு ஆள். திருச்சியில் இருக்கும் என் தம்பிக்கு இதைப் புரியவைக்க ஒருமுறை போனில் முக்கால் மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன். "இஞ்சினியரிங் கவுன்சிலிங் மாதிரிதான்டா, ஆனா தலைகீழ். போன சீசன்ல கடைசியா வந்த டீமைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. யார் வேணும்னு டீம்தான் சொல்லும், பசங்க சொல்ல முடியாது." பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன், "அப்ப உங்க டீமை வருஷா வருஷம் முதல்லயே கூப்பிட்ருவாங்களே" என்றான். அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

எங்கள் அணி எது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பாவம் என்பார்கள். இரண்டையும் வேண்டிய அளவு பார்த்தாயிற்று.

இந்தப் பைத்தியம் எனக்கும் என் மகளுக்கும் ஒரே சமயத்தில் பிடித்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்க, இவள் மாவுக்கட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் ஃபுட்பால் ஓடியது. எனக்குக் கிரிக்கெட் தவிர வேறு எதுவும் தெரியாது. "எதுக்குப்பா எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஏதோ சொன்னேன். அது தப்பு என்று அடுத்த வாரமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து செப்டம்பர் முதல் ஜனவரி வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் இருவருக்கும் அந்த சோபாதான். என் மனைவி மருத்துவமனையில் பார்மசிஸ்ட். வார இறுதி டியூட்டி முடித்து வந்தால், "முட்டைப் பந்து முடிஞ்சுதா, பாதிதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எங்களுக்குள் முதல் பெரிய சண்டை வந்ததும் டிராஃப்டால்தான். எனக்கு லெஃப்ட் டாக்கிள் வேண்டும். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை இடது பக்கமிருந்து யாரும் வந்து சாய்த்துவிடாமல் மலை போல நின்று தடுக்கிற ஆள். எங்கள் அணியில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு கதவு திறந்தே கிடக்கும். மகளுக்கோ பறந்து போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்தான் வேண்டும். எட்டு வயதுக் குழந்தையோடு நானும் சரிக்குச் சரி கத்தினேன். கடைசியில் மனைவி தலையில் அடித்துக்கொண்டு கொல்லையிலிருந்து இரண்டு அரளிப் பூ பறித்து வந்தாள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. தனித்தனியாக அலுமினியத் தாளில் மடித்து சாமி அலமாரி முன்னால் வைத்து, "வெள்ளைன்னா அப்பா கேக்கற ஆளு, சிவப்புன்னா நீ கேக்கற ஆளு. ஒண்ணை எடு. அதோட ரெண்டு பேரும் வாயை மூடணும்" என்றாள்.

அவள் வீட்டு வழக்கம் அது. வீடு வாங்கலாமா, வேலை மாறலாமா என்று மனம் இரண்டாகக் கிடந்தால் பூ கட்டிப் பார்த்துவிடுவார்கள். எந்தப் பூ வந்ததோ அதுதான் முடிவு, மறுபேச்சுக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதும் கூடாது. பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கலிபோர்னியாவை விட்டு இந்த ஊருக்கு நாங்கள் வந்ததே ஒரு வெள்ளை அரளி சொல்லித்தான். அந்த வருடத்திலிருந்து டிராஃப்ட் அன்று பொட்டலம் கட்டுவது என் வேலை, எடுப்பது மகளின் வேலை என்றானது. எங்கள் அணி மட்டும் ஒருநாளும் பூவின் பேச்சைக் கேட்டதில்லை. நாங்கள் டாக்கிளுக்கு வேண்டினால் பந்தை உதைப்பவனை எடுத்து வரும்.

இந்த வருடம் கஷ்டம் மார்ச்சிலேயே ஆரம்பித்துவிட்டது. மார்ச்சில்தான் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். ஒரு நல்ல டாக்கிள் சந்தைக்கு வந்திருந்தார். அவர் எங்களுக்குத்தான் என்று நான் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அவர் வேறு இடம் போனார். போதாக்குறைக்கு எங்களிடமே இருந்த, நாங்கள் டிராஃப்டில் எடுத்து வளர்த்த, என் மகள் பத்து வயதில் படம் வரைந்து சுவரில் ஒட்டிய டிஃபென்ஸ் ஆட்டக்காரரும் கிளம்பிவிட்டார். 

"நன்றி கெட்டவன்" என்றேன்.

மகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அவள் சொன்னதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். காலேஜ் முடிந்ததும் யாரோ ஒருவர் அவர் பெயரைப் படித்தார், கேட்காத ஊருக்குப் போனார், இத்தனை வருடம் முட்டி தேய ஆடினார். இப்போதுதான் முதல் முறையாக எங்கே இருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்கிறார், அதற்குப் பெயர் நன்றி கெட்டதனமா?

"ஆமா" என்றேன். எனக்கு வாதம் வராதபோது அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் கல்லூரிகளிலிருந்து அவளுக்குப் பதில்கள் வந்தன. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று இங்கே ஹூஸ்டனில், வீட்டிலிருந்து டிரைவ் பண்ணிப் போய் வரலாம். இன்னொன்று நியூ ஜெர்சியில். புள்ளியியல் படிக்க அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் அவளுக்கும் பயம் இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் போகிறேன் என்பாள், காலையில் காபி குடிக்கும்போது தெரியவில்லை என்பாள். மனைவி மட்டும் தெளிவாக இருந்தாள்: "அவ படிக்கப் போறா, அவளே முடிவு பண்ணட்டும்."

நான் பேசினேன். நிறையவே பேசினேன். அங்கே பனி கொட்டும், உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது, ஹாஸ்டல் சாப்பாட்டில் நீ இளைத்துப் போவாய், இங்கேயும் அதே புத்தகத்தைத்தான் படிக்கப் போகிறாய். எல்லாம் வெறும் சாக்கு. உண்மையான காரணம் எனக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள், பெண்ணைப் படிக்க அனுப்பாமல் சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று யாரிடம் சொல்ல முடியும்?

டிராஃப்ட் நாளும் வந்தது. கல்லூரிக்குப் பதில் சொல்ல இன்னும் சில நாள்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அப்பா, இந்த வருஷம் டாக்கிளே இருக்கட்டும். நான் சண்டை போடல. பூ கட்டு, ஆனா காலேஜுக்கு" என்றாள். முக்கியமானதைத் தமிழில் சொல்வாள். "வெள்ளைன்னா இங்க. சிவப்புன்னா நியூ ஜெர்சி. என்னால இதுக்கு மேல யோசிக்க முடியல."

மனைவி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா யோசிச்சுக்கோ. வந்தா வந்ததுதான்" என்றாள். மகள் தலையாட்டினாள்.

நான் கொல்லைக்குப் போனேன். வேலியோரமாக இரண்டு செடிகளும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. வெள்ளை அரளியில் ஒன்று பறித்து மடித்தேன். சிவப்புச் செடிக்குப் போனேன். அதில் பூத்துத்தான் கிடந்தது, இல்லை என்று சொல்ல வழியில்லை. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டும் மிஷினை நிறுத்தினார்கள். நான் திரும்ப வெள்ளைச் செடிக்கு வந்து இன்னொன்று பறித்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டாவது பூவை முதல் பூவின் அளவுக்குப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். திட்டம் இல்லாதவன் அளவு பார்க்க மாட்டான்.

சாமி அலமாரி முன்னால் இரண்டையும் வைத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டின் மேலும் விரலை வைத்து, வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள்.

"வெள்ளை" என்றாள்.

பூவை விளக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவள் "ஓகே" என்றாள். "ஓகே, குட். நல்லது" என்று இன்னொரு முறையும் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். எங்கள் அணி முதல் ரவுண்டில் கண்ட கண்ட ஆளை எடுத்துவிட்டு வரும்போது, என்னைத் தேற்றுவதற்காக அவள் சிரிப்பாளே, அதே சிரிப்பு.  மற்ற பொட்டலத்தை அவசரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வழக்கமாக அதைக் கொண்டுபோய்ச் செடியடியில் போடுவேன் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு டிராஃப்ட் ஆரம்பித்தது. பீட்சா ஆறிப்போனது. மேடைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள், ஆறடி ஆறு அங்குலம், ஏழு அங்குலம். புதிய அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டதும் அந்தப் பெரிய உடம்புகள் தேம்பித் தேம்பி அழுதன. அம்மாக்கள் அவர்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு வருடமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் நான் அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை போகப் போகிற ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. அப்படியும் அழுகையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஆறு மாதமாக ஜபம் செய்துகொண்டிருந்த டாக்கிளை ஒருவரும் எடுக்கவில்லை. ஐந்தாவது அணியின் முறை போனது, எட்டாவது போனது, அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் நின்றவர் சீட்டைப் பிரித்துப் படித்தார். எங்கள் அணி, அதே டாக்கிள்.

பத்து வருடத்தில் முதல் முறை. நான் கேட்ட ஆள், நான் கேட்ட ரவுண்டில். கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தியிருக்க வேண்டியவன், கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். கத்தியது அவள்தான். "அப்பா! வந்துட்டாரு! அப்பா!" என்று குதித்து என்னைத் தூக்கி நிறுத்தி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் சந்தோஷத்துக்காக அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் அலுமினியத் தாள் நொறுங்கியது.

"என்னப்பா இது?" என்று சட்டைப் பையில் கை விட்டாள். நான் தடுத்திருக்கலாம். பிரிக்கக் கூடாது, சாமி குற்றம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள், அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். நான் வாயைத் திறக்கவில்லை. தாள் கிழிந்து பூ பாதி வெளியே வந்திருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். டிவியின் சத்தத்தை நிறுத்தினாள்.

"ரெண்டும் வெள்ளையா?"

"ஆமாம்மா" என்றேன்.

மனைவி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். பூவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. "ஏங்க, சாமி முன்னாடி வெச்சு இப்படி ஒரு காரியமா?" என்று கேட்டாள். குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் இருந்தது. அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் செய்யாத வேலை.

மகள் மட்டும் கத்தவில்லை. "ஏன்ப்பா?" என்றாள்.

பனி, சளி, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. 

"ஞாயித்துக்கிழமை நான் யாரோட மேட்ச் பாக்கறது?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து ஜெர்சியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பூவைப் பிரிச்சதும் எனக்கு எப்படி இருந்துது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"லீக்ல ஒரு டீம் இப்படித் திருட்டுத்தனம் பண்ணி மாட்டினா என்ன பனிஷ்மென்ட்?" என்றாள்.

எனக்கா தெரியாது? "ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் போயிடும். ஆளைத் தேர்ந்தெடுக்கற உரிமையே கிடையாது" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஃபுட்பாலில் ஒரு எழுத்தும் தெரியாத என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

"நம்ம பொண்ணு நியூ ஜெர்சிக்குப் போறான்னு அர்த்தம்" என்றேன்.