மைக்கம்மா படித்த சீட்டுகள்

அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் எல்லாப் பத்திரிகைகளும் வழக்கம்போல ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் போட்டன. கலைக்கு ஒரு பக்கம், அரசியலுக்கு ஒரு பக்கம், விளையாட்டுக்கு ஒரு பக்கம். மூன்று பக்கங்களிலும் முதலிடம் பிடித்த சங்கதி நடந்தது ஒரே இடத்தில், நகர விளையாட்டு அரங்கத்தில். மூன்று நாளும் அங்கே மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மூன்று தடவையும் பேயறைந்தவள் போல் ஆனவள் ஒருத்தி உண்டு. இது அவளுடைய கதை.

அவளை அரங்கத்தில் மைக்கம்மா என்பார்கள். சம்பளப் பட்டியலில் அவள் டிக்கெட் பிரிவு எழுத்தர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தயத்தின்போது அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காணாமல் போன ஒரு குழந்தையைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். டிக்கெட் ஜன்னலில் இருந்தவளைக் கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். குழந்தை கிடைத்தது, அவள் அங்கேயே தங்கிவிட்டாள். மேற்குக் கூரைக்கு அடியில், இருபத்து மூன்று இரும்புப் படிகள் ஏறிப் போகும் அறை. இரண்டு மைக், ரெக்சின் கிழிந்த நாற்காலி, வெந்நீர் பிளாஸ்க், ஒரு பைனாகுலர், கீழே பேசுவதற்கு ஒரு போன். எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். மணி ஒலிக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு அவள் படிப்பாள். அவள் சொன்னால் நாற்பதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் சொன்னால் மகள் சோபாவிலிருந்து காலைக்கூட எடுக்கமாட்டாள்.

மார்ச் மாதம் அந்த மூத்த பாடகியின் கடைசிக் கச்சேரி நடந்தது. அவர் பாட்டைக் கேட்டு வளராத வீடு நாட்டில் இல்லை. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு பாடகியின் காரியதரிசி, சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒல்லியான பெண் ஒருத்தியை அறைக்கு அழைத்து வந்தார்.

"இவங்க சவுண்டு பாக்கறவங்க. இங்கதான் உட்காருவாங்க. நீங்க கண்டுக்காதீங்கம்மா."

மைக்கம்மா கண்டுகொள்ளவில்லை. பாட்டு ஆரம்பித்தது. பாடகி மேடையில் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். குரல் வந்தது. ஆனால் ஒரு குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. வெளியே ஒலிபெருக்கியிலிருந்தும், தன் முழங்கைக்குப் பக்கத்திலிருந்தும். மைக்கம்மா மெல்லத் திரும்பினாள். சால்வைக்காரி இரண்டாவது மைக்கை உதட்டோடு வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மைக்கம்மாவுக்கு மயிர் கூச்செறிந்தது. எழுந்து போகலாமா, உட்காரலாமா என்றுகூடத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் சால்வைக்காரி பிளாஸ்க்கைக் காட்டி, "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

ஊற்றிக் கொடுத்துவிட்டு மைக்கம்மா கேட்டாள்: "எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம். அக்காவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து."

"கூடப் பிறந்த அக்காவா?"

"ஆமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அப்போது ஒரு சீட்டு வந்தது. 'அரை நூற்றாண்டாக ஒரே குரலால் நம்மை ஆண்டவர்' என்று அதில் எழுதியிருந்தது. சால்வைக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் முகத்தைப் பார்க்காமல் மைக்கம்மா அதைப் படித்தாள். கொடுத்ததைப் படிப்பதுதானே வேலை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. பாடகி தன் மைக்கை விட்டு நகர்ந்தார். வாத்தியக்காரருக்கு வைத்திருந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த, யாருமே கேட்டிராத குரலில் பேசினார். "மேல கண்ணாடி ரூம்ல என் தங்கச்சி உட்கார்ந்திருக்கா. பதினோரு வருஷமா நீங்க கேட்டது அவ குரல். எனக்கு இதோட போதும்."

சால்வைக்காரி கையிலிருந்த டம்ளர் நழுவியது. "அய்யோ, இவ என்ன பண்றா... எங்கிட்ட சொல்லவே இல்லையே!" யாரோ விளக்கை மேலே திருப்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெண்கள், கண் கூசி, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்கள். இரண்டில் யார் தங்கை என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகு ஒரு மாதத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் மைக்கம்மாவைப் பார்த்தவர்களெல்லாம் "ஒரு பாட்டுப் பாடுங்கம்மா" என்று கெஞ்சினார்கள். அவளுக்குத் தாலாட்டுக்கூடச் சுருதியில் நிற்காது.

ஆகஸ்டில் தேர்தல். மைக்கம்மாவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பதினெட்டு வயதிலிருந்து ஒரே கட்சி, ஒரே தலைவர். தலைவர் நான்கு தடவை தோற்றார். நான்கு தடவையும் இவர் சாப்பிடாமல் படுத்தார். ஐந்தாவது தடவை தலைவர் ஜெயித்தார். பதவியேற்பு விளையாட்டு அரங்கத்தில், காலை பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள். வீட்டில் மூன்று நாள் ஒத்திகை.

"'மக்கள் தலைவர்'னு சொன்னதும் கொஞ்சம் நிறுத்து. ஜனங்க கைதட்டட்டும். அப்புறம் பேரைச் சொல்லு."

"பத்தொன்பது வருஷமா நான் என்ன பல்லா தேச்சுக்கிட்டிருந்தேன்? எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"இன்னிக்கு மட்டும் கேளு. தெய்வமே, இன்னிக்கு மட்டும் கேளு."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு அதிகாரிகள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்கள். அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு வேறு தாளைக் கொடுத்தார்கள். பட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் தலைவருடையது இல்லை, அவருடைய மைத்துனருடையது.

"சார், பேரு மாறியிருக்கு."

"மாறலம்மா. மாத்தியிருக்கு. ஜெயிச்சவங்க எல்லாரும் காலைல கூடி முடிவு பண்ணிட்டாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க படிச்சா தெரிஞ்சுரும்."

அவள் பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். முன்வரிசையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மைத்துனர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் சட்டையின் மேல் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார், கல்யாண மாப்பிள்ளை போல. மைக்கம்மா பைனாகுலரைக் கீழே வைக்கவில்லை. "ம், படிங்க" என்றார் அதிகாரி. அவள் மணியைத் தட்டினாள்.

மக்கள் தலைவர் என்றதும் பழக்கத்தில் நிறுத்தினாள். அரங்கம் இடிந்தது. தலைவர் கை கூப்பியபடி எழுந்திருக்க ஆரம்பித்தார். அப்போது அவள் பெயரைச் சொன்னாள். பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார். எழவும் இல்லை, உட்காரவும் இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கோலத்தில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று பிறகு பத்திரிகைகள் வாதாடின. மைக்கம்மாவுக்கு அது முடியவே இல்லை.

கணவர் மறுநாள் மத்தியானம்தான் வீடு வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"உன் வாயாலயா அது வரணும்?"

"நான் என்னங்க பண்ணுவேன்? குடுத்த சீட்டைப் படிச்சேன்."

"படிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா வேற ஒருத்தர் படிச்சிருப்பாரு."

"அந்த வேற ஒருத்தர் என் பொண்டாட்டியா இருந்திருக்க மாட்டாரே!"

நாற்பது நாள் அவர் அவளோடு நேரடியாகப் பேசவில்லை. "உங்க அம்மாகிட்ட சொல்லு, சட்டையில பட்டன் போயிருச்சுன்னு" என்பார். மகள், "அம்மா, அப்பாவோட பட்டன் செய்தி" என்று அறிவிப்பாளர் குரலில் சொல்வாள். நாற்பத்தோராம் நாள் குளியலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடியபோது, "பிடி, அந்த வாளியைப் பிடி!" என்று கத்தியதில் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. அவர் கேட்ட கேள்வி மட்டும் அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் முதல் வாரம் கால்பந்து இறுதி ஆட்டம். பக்கத்து நாட்டோடு மோதல். கூட்டம் தாங்காது என்று வடக்குப் பக்கம் மரப்பலகையால் தற்காலிகப் படிக்கட்டு கட்டி, ஆறாயிரம் பேரை அதிகமாக உட்கார வைத்திருந்தார்கள். புதிய தலைமை அமைச்சரான மைத்துனர் தன் பரிவாரத்தோடு வந்திருந்தார்; அதிகாரிகளுக்கு அவர் இப்போது 'பெரியவர்'. மாலை நான்கு மணி ஆட்டம். மைதானத்தில் புல்வெட்டுகிறவர் வழக்கம்போல வடக்கு வேலியோரம் நின்றிருந்தார். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் நம் அணி ஒரு கோல் முன்னால்.

மைக்கம்மா தற்செயலாக வடக்கே பார்த்தாள். பலகைகளுக்கு அடியிலிருந்து புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. யாரோ சிகரெட் பிடிக்கிறார்கள் என்று நினைத்தாள். பைனாகுலரை எடுத்தாள். சிகரெட் இல்லை. போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். "தெரியும்மா, ஆள் வர்றாரு" என்று வைத்துவிட்டார். உடனே பேசத் தயாராக இருக்கட்டும் என்று மைக்கைத் திறந்து வைத்தாள்.

பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சீட்டோடு உள்ளே வந்தார். 'சிறிய மின்கோளாறு. யாரும் இருக்கையை விட்டு எழ வேண்டாம். ஆட்டம் தொடரும்.'

"சார், அங்க அடியில எரியுது."

"தெரியும். பெரியவர் கார் முதல்ல வெளிய போகட்டும். ஜனங்க எழுந்தா ரோடு அடைச்சுக்கும். பத்து நிமிஷம் கழிச்சு கதவைத் திறக்கலாம்."

"பத்து நிமிஷமா? அது மரப்பலகை சார்! ஆறாயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க."

"படிங்கம்மா."

"நான் படிக்க மாட்டேன்."

சொன்னவுடன் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த வார்த்தை அறைக்குள் நிற்கவில்லை. எதிர்க்கூரையில் மோதி, 'மாட்டேன்... மாட்டேன்' என்று அரங்கம் முழுக்கச் சுற்றி அவளிடமே திரும்பி வந்தது. மைக் திறந்திருந்ததை, பேச்சு மும்முரத்தில் மறந்திருந்த அவளும் அறியாத அவரும் அப்போதுதான் உணர்ந்தார்கள். பெரியவர் கார், பத்து நிமிஷம், எல்லாம் ஜனங்கள் காதுக்குப் போய்விட்டது. வானொலி நேரடி வர்ணனை வழியாக நாட்டுக்கே போய்விட்டது. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரியின் முகம் வெளுத்தது. வடக்கில் ஆட்கள் மிரண்டு எழ ஆரம்பித்தார்கள். ஒரு நொடி விட்டால் மிதிபட்டே செத்துப்போவார்கள். மைக்கம்மா மணியைத் தட்டினாள்.

"வடக்குப் பக்கம் இருக்கறவங்க கேளுங்க. மைக்கம்மா பேசறேன். ஓடாதீங்க. நேரம் இருக்கு. உங்களுக்கு முன்னால வேலியில மூணு கதவு இருக்கு. வெளிய போகாதீங்க, புல்லுக்குள்ள இறங்குங்க. கீழ் வரிசை முதல்ல. மேல இருக்கறவங்க உங்க பக்கத்துல இருக்கற குழந்தையைத் தூக்கிக்குங்க, யார் குழந்தையா இருந்தாலும் சரி. புல்வெட்டற அண்ணே, மூணாவது கதவு இன்னும் திறக்கல. சாவி இல்லன்னா உடைங்க! சேப்புச் சட்டைக்காரரே, முண்டாதீங்க, எனக்கு எல்லாம் தெரியுது."

சேப்புச் சட்டைக்காரர் நின்றார். வரிசை ஒழுங்குக்கு வந்தது. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இரு நாட்டு ஆட்டக்காரர்களும் வேலியோரம் ஓடிப்போய்க் குழந்தைகளைக் கைமாற்றி இறக்கினார்கள். அறைக்குள் அதிகாரி மைக்கைப் பறிக்கவில்லை. திடீரென்று போனை எடுத்து, "தெற்கு கேட்டையும் திறங்கய்யா! கார் கிடக்கட்டும்!" என்று கத்தினார்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பதினோரு நிமிடம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். கடைசி வரிசைக் கிழவர் புல்லில் கால் வைத்துக் கொஞ்ச நேரத்தில் பலகைகள் நடுவில் பிளந்து, தீ கூரை உயரத்துக்கு எழுந்தது. புல்மேல் நின்ற ஆறாயிரம் பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் அதைப் பார்த்தார்கள். யாரும் சாகவில்லை. ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. ஒருவருக்குப் பல்செட் தொலைந்தது.

மைக்கம்மா இரும்புப் படி இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பணிமனையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த கணவர் கிரீஸ் கையோடு மூன்று மைல் ஓடி வந்து சேர்ந்தார். அவரால் பேச முடியவில்லை, இரைத்தது. அவளால் பேச முடியவில்லை, குரல் போயிருந்தது. சற்றுப் பொறுத்து அவள் காற்றாகக் கேட்டாள்:

"வேலை போயிருமோ?"

"போனா போகட்டும். நீ படிக்கமாட்டேன்னு சொன்னப்ப பணிமனையில ஒரு பய ஸ்பேனரை அசைக்கல, தெரியுமா? எனக்குக் குலை நடுங்கிப் போச்சு." அவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "நான் ஏதோ கோபத்துல சொன்னேன். நீ இப்படி நிஜமாவே செஞ்சு வைப்பேன்னு கனவா கண்டேன்?"

மறுநாளே 'அனுமதியின்றி அறிவிப்புச் செய்ததாக' அவளை இடைநீக்கம் செய்தார்கள். விசாரணையில் அந்தப் பாதுகாப்பு அதிகாரி, "சீட்டை நான்தான் கொடுத்தேன், எனக்கு மேலிருந்து வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் அப்படிச் சொல்வார் என்று அவளே நினைக்கவில்லை. மேலே யார் என்ற கேள்வி மேலே போகப் போகத் தேய்ந்தது. ஒரு துணை அமைச்சர் பதவி விலகினார், மைத்துனர் விலகவில்லை. ஏழு வாரம் கழித்து அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் இறுதி ஆட்டத்தை மறுபடி நடத்தினார்கள், பாதுகாப்புக் கருதிப் பார்வையாளர்களே இல்லாமல். வடக்கில் கரிந்த தரை மட்டும் இருந்தது. நாற்பதாயிரம் காலி நாற்காலிகளைப் பார்த்து மைக்கம்மா ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயராக, நிறுத்தி, முழுக் குரலில் படித்தாள். குரல் முன்பு போல இல்லை, ஓரத்தில் கொஞ்சம் கிழிசல் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே புல்வெட்டுகிறவர் மட்டும் ஒற்றையாளாகக் கைதட்டினார். அன்று நம் அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது. அதையும் அவள்தான் அறிவித்தாள்.