இரண்டு பக்கத்துக்கும் ஒரே தலைப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதக் காலை. கள்ளக்குறிச்சியில் செவிலியர் உதவியாளர் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தில் நான்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். அதை நானும் மறுத்ததில்லை.

அதுவரை தேர்வுப் பட்டியலின் தலைப்பைக் கையால்தான் அடிப்போம். அந்த முறை, டேட்டாபேஸில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'முடிவு' என்ற கட்டத்தில் இருப்பதே தலைப்பில் தானாக வந்து விழும்படி செய்தேன். முதல் பக்கம் 'தேர்வாகாதவர்கள்'. சரியாக இருந்தது. தேர்வானவர்கள் வரும் அடுத்த பக்கத்தைப் பார்க்காமலே இரண்டையும் வாசலில் ஒட்டிவிட்டேன்.

மலைமேல் கரியாலூர் பக்கமிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. என் வயதுதான் இருக்கும். படிக்கத் தெரியாது. மகள் படித்துப் பார்த்துவிட்டுக் கண்கலங்கி நின்றாள். இடம் கிடைக்காவிட்டால் மறுநாளே அவளைக் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்கு அனுப்புவதாக, ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் பேசி வைத்திருந்தார்களாம்.

"ரெண்டு தாள்லயும் இல்லன்னே போட்டுருக்குதாம். அப்ப யாரத்தாங்க சார் எடுத்தீங்க?" என்றார் அந்த அம்மா.

"கம்ப்யூட்டர் போட்டதும்மா, தப்பு வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

டீ குடிக்கும்போதுதான் அந்தக் கேள்வி உறுத்தியது. வாசலுக்குப் போய் இரண்டாம் தாளையும் படித்தேன். பட்டியலில் முதல் ஆளின் முடிவையே எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பாகப் போட்டிருக்கிறது! தேர்வானவர்களை எல்லாம் நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக இருந்தது.

விண்ணப்பத்தில் இருந்த போன் நம்பர் மலையில் பக்கத்து வீட்டுக்காரருடையது, டவர் கிடைக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். மலை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. குறுக்கே நிறுத்தினேன். டிரைவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஜன்னலோரம் அந்த அம்மா.

"உங்க பொண்ணுக்கு எடம் கெடச்சிருக்கும்மா. தப்பு என்னுது!" என்று கத்தினேன்.

"அப்ப மேஸ்திரிகிட்ட நான் இன்னாங்க சொல்றது?" என்று கேட்டவர், சிரித்துக்கொண்டே அழுதார்.

தேர்வான மற்றவர்களுக்கும் மாலைக்குள் ஒவ்வொருவராகத் தகவல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் வேலையில் எனக்கு இன்றும் நம்பிக்கை குறையவில்லை. ஆனால் எதை ஒட்டும் முன்பும் கடைசிப் பக்கம் வரை புரட்டி, 'அப்ப யாரத்தாங்க எடுத்தீங்க?' என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்; அன்று என் பட்டியலைச் சரியாகப் படித்தவர், எழுத்தே தெரியாத அந்த அம்மா ஒருவர்தான்.