பெயர் பொறித்த லென்ஸ்

கார்த்திகேசு இருபத்தேழு வருடம் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் புகைப்படக்காரராக இருந்தார். எடுத்ததெல்லாம் புண்கள். வெந்த தோல், பிளந்த உதடு, ஆறாத கால். அறுவைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். அளவு தெரிவதற்காகப் புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடிக்கோலை வைப்பார்கள். அடிக்கோலைப் பிடிப்பதும் விளக்கைத் தூக்கிக் காட்டுவதும் அட்டெண்டர் ஜெயராஜின் வேலை. நோயாளி நெளிந்தால் ஜெயராஜ், "ஆடாதீங்கண்ணே, கல்யாணப் போட்டோன்னு நெனச்சுக்குங்க" என்பான். வலியிலும் சிலர் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு அடங்கும்வரை கார்த்திகேசு காத்திருப்பார்.

அந்த வேலைக்கு ஆஸ்பத்திரி கொடுத்திருந்தது ஓர் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் குளோசப் லென்ஸ். நாலு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுபோனால் சுண்டுவிரல் நகம் அதே அளவில் பிலிமில் விழும். புண் எங்கும் போய்விடாது. ஆகவே நாலு விரற்கடை போதும்.

பிணவறைக்குப் பின்னால் உண்ணிப்பூப் புதர் மண்டிய ஓர் இடம் இருந்தது. எழுபத்தெட்டில் ஒரு நாள், மதிய இடைவேளையில், அங்கே செத்துக் கிடந்த வண்ணத்துப்பூச்சி ஒன்றை எடுத்துவந்து அந்த லென்ஸால் படம் பிடித்தார். கழுவிப் பார்த்தபோது சிறகு முழுவதும் ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாக இருந்தது. ஜெயராஜிடம் காட்டினார்.

"அடிக்கோல் வெக்கலையா அங்கிள்?" என்றான் அவன்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் கார்த்திகேசு அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது அதுவும் வார்டுப் படங்களில் ஒன்றாகவே தெரிந்தது. உயிரோடு இருக்கிற ஒன்றை எடுக்க வேண்டும் என்று நினைத்தார். ஓடுகளோடு, கண்ணோடு, சுருட்டி வைத்த அந்த நாக்கோடு, உள்ளபடி உள்ள அளவில். ஒரே ஒரு படம்.

ஆறு வருடம் மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு புதருக்குப் போனார். வண்ணத்துப்பூச்சிக்கு நாலு விரற்கடை பக்கத்தில் லென்ஸைக் கொண்டுபோனால் முதலில் லென்ஸின் நிழல் அதன்மேல் விழும். அது எழுந்து போய்விடும். இரண்டு மணிக்கு லென்ஸைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். ஆறு வருடத்தில் அவரிடம் சேர்ந்தவை, வண்ணத்துப்பூச்சி அப்போதுதான் எழுந்துபோன பூக்களின் படங்கள்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அவர் லென்ஸ் பார்க்கத் தொடங்கினார். சொந்தமாக ஒரு பழைய கமரா இருந்தது. அதன் லென்ஸைப் பூஞ்சை தின்றுவிட்டிருந்தது. இந்த ஊர் ஈரத்தில் எந்தக் கண்ணாடிக்கும் அதுதான் கதி. சனிக்கிழமைகளில் பத்து ரோடு என்ற கடைத்தெருவில் லோ என்ற சீனரின் கமராக் கடைக்குப் போவார். லோ கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைப்பார். ஐம்பத்தைந்து, நூற்றைந்து, இருநூறு. கார்த்திகேசு சட்டைப் பையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வெட்டிய காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றாக மாட்டி, எவ்வளவு தூரத்தில் தெளிகிறது என்று கையால் அளப்பார். ஐம்பத்தைந்து பழைய கதை. இருநூறு கனம், இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு இறங்கியது. நூற்றைந்துக்கு ஒரு சாண். ஒரு சாணில் நிழல் விழாது.

பதினோராவது சனிக்கிழமை லோ மலாயில் கேட்டார், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவும் இவ்வளவு நாள் எடுத்தீர்களா என்று.

"பெண்ணை நான் பார்க்கவில்லை. என் அப்பா பார்த்தார்" என்றார் கார்த்திகேசு.

நூற்றைந்துதான் என்று முடிவாயிற்று. அதை வாங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் பேச்சு கிளம்பிவிட்டது. பிரியாவிடைக்குப் பிரிவிலிருந்து ஒரு லென்ஸ் தரப்போகிறார்கள். சிஸ்டர் மார்க்கிரட் தலைமை. வாங்கி வரும் பொறுப்பு ஜெயராஜுக்கு.

இருட்டறையில் ஜெயராஜ் நேராகவே கேட்டான். "அங்கிள், லென்ஸ்தான்னு முடிவாயிருச்சு. எதுன்னு சொல்லிருங்க, நான் போய் வாங்கியாந்துர்றேன்."

நூற்றைந்து என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"உங்கட விருப்பம்" என்றார் கார்த்திகேசு.

"அட, சும்மா சொல்லுங்க லா."

"நீங்கள் எது தந்தாலும் எனக்குச் சரி."

அன்று பிரிக்ஃபீல்ட்ஸ் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டில் மனைவி குணபூசணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஆறு வருசம் வெயிலுக்க நிண்டனீங்கள். நூற்றஞ்சு எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போவீங்கள்?"

"எங்களுக்குத் தாற பரிசை நாங்களே கேக்கிறதோ?"

"அவங்கள்தானே கேக்கிறாங்கள்."

"கேப்பினம். அது மரியாதை. சொல்லாமல் இருக்கிறதும் மரியாதை."

"அப்ப மரியாதையைக் கமராவில கொழுவிப் படம் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் ரசம் எடுக்கப் போனாள்.

இரவு முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள், விளக்கை மடக்கிக்கொண்டிருந்த ஜெயராஜிடம், யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "இந்தப் பூச்சியளுக்கு மெத்தக் கிட்டப் போகேலாது, ஜெயராஜ். போனால் பறந்திடும். கொஞ்சம் தள்ளி நிண்டு எடுக்கக்கூடிய மாதிரி ஒண்டு இருந்தால்…"

ஜெயராஜின் முகம் மலர்ந்தது. "புரிஞ்சிருச்சு அங்கிள். இனிமே நீங்க வாயத் தொறக்காதீங்க."

வீட்டுக்கு வந்து, "சொல்லாமல் சொல்லிப்போட்டன்" என்றார் மனைவியிடம்.

பிரியாவிடை கேண்டீனில் நடந்தது. சாப்பிட மீகூன் சேமியாவும் கறிப்பஃபும் இருந்தன. டைரக்டர் பேசினார். கார்த்திகேசு எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை, எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்றார். கை தட்டினார்கள். சிஸ்டர் மார்க்கிரட் பொட்டலத்தை நீட்டினார். கார்த்திகேசு இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிய கணமே கைக்குத் தெரிந்துவிட்டது. நூற்றைந்து இவ்வளவு கனக்காது.

"தொறங்க அங்கிள், தொறங்க!"

முழங்கை நீளத்துக்கு ஒரு ஸூம். எண்பதிலிருந்து இருநூறு வரை. மைதானத்தின் ஓரத்தில் நின்று பந்தடிப்பவர்களை எடுக்க ஏற்றது. நடுவில் ஒரு வளையத்தில் மேக்ரோ என்று ஓரஞ்சு நிறத்தில் எழுதியிருந்தது. ஜெயராஜ் அந்த எழுத்தைத்தான் தொட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களா, குளோசப்பும் இருக்கு. தள்ளி நின்னே இழுத்துப்புடலாம். பெட்டாலிங் ஸ்ட்ரீட் கடைக்காரன் மொதல்ல ஒரு குட்டி லென்ஸ காட்டுனான் அங்கிள், பூச்சி எடுக்க இதான்னு. மிலோ டின்னு மூடி மாதிரி இருந்துச்சு. இருபத்தேழு வருசத்துக்கு இதுவாய்யான்னு கேட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"திருப்பிப் பாருங்க, இன்னும் இருக்கு."

திருப்பினார். லென்ஸின் உடம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கே. கார்த்திகேசு, 1957–1984, அன்புடன் சக ஊழியர்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக் கோப்பைகளுக்குப் பெயர் பொறித்துக் கொடுக்கும் ஜெயராஜின் மச்சான் பாதி நாள் உட்கார்ந்து செய்த வேலை. எழுத்து ஒவ்வொன்றும் ஆழமாக, அழகாக இருந்தது.

கார்த்திகேசுவைப் பேசச் சொன்னார்கள். "நான் போய் வாங்கியிருந்தால் இதை வாங்கியிருக்க மாட்டேன்" என்று தொடங்கினார். தட்டுகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. "இவ்வளவு பெரியது எனக்கு எதற்கு என்று நினைத்திருப்பேன்" என்று முடித்தார். மறுபடி கை தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை லோவிடம் கொண்டுபோனார். லோ அதை வெளிச்சத்தில் பிடித்து, சுற்றிச் சுற்றி, பெயர் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். நல்ல லென்ஸ்தான், பாட்மிண்டன் எடுக்கலாம் என்றார். வண்ணத்துப்பூச்சி என்றால் இவ்வளவுதான் விழும் என்று கட்டைவிரல் நகத்தில் பாதியைக் காட்டினார். அதுவும் மூன்றரை அடிக்கு இப்பால் தெளியாது. மேக்ரோ என்று எழுதுவது விற்பதற்காக.

"மாற்றித் தர முடியுமா?"

"பெயர் இல்லாவிட்டால் இன்றைக்கே. உங்கள் பெயரை நான் யாருக்கு விற்பது, அங்கிள்?"

"தேய்த்து எடுத்துவிட்டால்?"

"திருட்டுச் சாமான் என்று நினைப்பார்கள்."

நூற்றைந்து கண்ணாடி அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. லோ அன்றைக்கு அதை வெளியே எடுக்கவில்லை. கார்த்திகேசுவும் கேட்கவில்லை.

குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிள்ளானில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லிங்க் வீடு ஒன்றுக்குப் போனார்கள். ஓய்வுப் பணம் அந்த வீட்டுக்குள் போயிற்று. இன்னொரு லென்ஸ் என்று வாயெடுக்க முடியாது. எடுத்தாலும், இது இருக்க அது எதற்கு என்று கேட்டால் சொல்லப் பதில் கிடையாது. வீட்டின் பின்னால் குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நாலரையடி இடம். அங்கே ஓர் எண்ணெய்ப் பீப்பாயில் எலுமிச்சை வைத்தார். அது துளிர்த்ததும் புழுக்கள் வந்தன.

"ஒரு காய் காய்க்க விடமாட்டியள். வண்ணாத்திப்பூச்சிக்குச் சத்திரம் கட்டியிருக்கிறியள்" என்பாள் குணபூசணி. என்றாலும் அவளும் மருந்து அடிக்கவில்லை.

ஜெயராஜ் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்துவிடுவான். வந்தால் ஒரே கேள்விதான். "படம் எங்க அங்கிள்? நம்ம டிப்பார்ட்மெண்ட் வராந்தாவுல ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். கீழ என்ன எழுதுறதுன்னுகூட யோசிச்சுட்டேன்."

"இன்னும் சரியா வரேல்லை."

"நிதானமா எடுங்க. அவசரமில்ல."

மழை என்றார் ஒரு மாதம். வெளிச்சம் இல்லை என்றார் ஒரு மாதம். ஆஸ்பத்திரி அலமாரியில் அந்தப் பழைய ஐம்பத்தைந்து ஞாயிறுகளில் சும்மா கிடந்தது. சாவி இப்போது ஜெயராஜிடம். கேட்டால் அன்றைக்கே கொண்டுவந்து கொடுப்பான். எதற்கு அங்கிள் என்றும் கேட்பான்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. எலுமிச்சைக் கொப்பில் தொங்கிய கூடு முதல் நாளே கறுத்திருந்தது. காலை ஏழரைக்கு அது பிளந்து வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. கசங்கிய சிறகைத் தொங்கவிட்டபடி கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிறகு விரிந்து காய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதுவரை பறக்காது, பறக்க முடியாது.

கார்த்திகேசு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். நிழல் விழுந்தது. அது அசையவில்லை. இன்னும் பக்கத்தில் போனார். நாலு விரற்கடை. அப்போதும் அசையவில்லை. கறுப்பிலும் வெளிர்மஞ்சளிலும் ஓடுகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. நூற்றைந்துகூட வேண்டாம். ஆறு வருடம் திட்டிய அந்த ஐம்பத்தைந்தே போதும் இதற்கு.

உள்ளே போய், பெயர் பொறித்த லென்ஸையே கமராவில் மாட்டிக்கொண்டு வந்தார். அப்போது முன்வாசலில் ஜெயராஜின் குரல் கேட்டது. ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு வந்தவனைக் குணபூசணி பின்பக்கம் கூட்டிவந்தாள்.

"ஐயோ, அங்கிள்! நிக்குது பாருங்க! நம்ம நேரம்!"

கார்த்திகேசு கண்ணை வைத்தார். மஞ்சளாக ஒரு புகை. வளையத்தைத் திருப்பினார். ஓரஞ்சு எழுத்துவரை திருப்பினார். புகைதான். ஓரடி பின்னால் போனார். இன்னும் அரையடி. முதுகு குளியலறைச் சுவரில் முட்டியது. தலையையும் பின்னால் சாய்த்துச் சுவரோடு ஒட்டவைத்தார். மூன்றரை அடி வேண்டும்; பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே இரண்டேகால் அடிதான் இருந்தது. கதவுப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கிருந்து சிறகின் விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. மறுபக்கம் நின்றாலும் அதே கோடு. திரும்பி வந்து சுவரில் முதுகை வைத்தார்.

"பீப்பாய நகத்தட்டுமா அங்கிள்?"

"வேண்டாம். தொடாதையும். ஆடினால் விழுந்திடும். விழுந்தால் சிறகு கோணிப்போகும்."

ஜெயராஜ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பிறகு, பழக்கத்தில், இல்லாத விளக்கைத் தூக்கிப் பிடிப்பதுபோல் கையை உயர்த்திக்கொண்டு வண்ணத்துப்பூச்சியிடம் சொன்னான். "ஆடாதீங்கண்ணே. கல்யாணப் போட்டோன்னு நெனச்சுக்குங்க."

அது ஆடவில்லை.

குணபூசணி சமையலறைக் கதவில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சொல்லட்டுமா என்பதுபோல் வாயெடுத்தாள். கார்த்திகேசு அவளைப் பார்த்தார். அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எடுங்க அங்கிள், எவ்வளவு அழகா நிக்குது."

கார்த்திகேசு புகையைப் பார்த்து அழுத்தினார்.

"விழுந்துச்சா?"

"விழுந்தது."

"இன்னொண்ணு எடுத்துக்குங்க, சேப்டிக்கு."

பிலிமைச் சுற்றி இன்னொன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜெயராஜ் தலையாட்டினான். புகை மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. சிறகு முழுதாக விரிந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். ஒன்பது மணிக்கு மேல், புகை இரண்டு தரம் மூடித் திறந்தது. அதன் பிறகு கண்ணாடிக்குள் வெறும் பச்சை. கமராவை இறக்கினார். வண்ணத்துப்பூச்சி மதிலுக்கு மேலே, எல்லாம் தெளிவாகத் தெரிய, ஒரு கணம் நின்று, அடுத்த வீட்டுப் பக்கம் போனது.

"எத்தன எடுத்தீங்க?"

"முப்பத்தாறும்."

ஜெயராஜ் இரண்டு கையையும் தட்டினான். "அப்ப ஒரு ஆணி பத்தாது அங்கிள்."