ஞாயிற்றுக்கிழமை எடுக்காத போன்

பதற்ற நோய்க்கான புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்திருந்தேன். திருநெல்வேலியில் ஆய்வுக் குழு கொடுத்த டப்பாவில் மருந்தின் பெயர் இருக்காது, வெறும் எண்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவில் வீட்டில் இருந்தபோது உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைத்தது. கணவர் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

"என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?" என்றார் டாக்டர்.

"தெரியாது சார். நெஜ மருந்தா, வெறும் மாவு மாத்திரையான்னுகூட சொல்ல மாட்டாவ."

ஆய்வுக் குழு கொடுத்திருந்த அவசர எண்ணுக்குக் கணவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்; யாரும் எடுக்கவே இல்லை.

"ஆள் சேக்கையில மட்டும் தெனமும் போன் பண்ணுனாவளே!" என்று கணவர் கத்தினார்.

நல்லவேளை, டாக்டர் போட்ட ஊசியில் மூச்சு சீரானது. மறுநாள் போனை எடுத்த ஆய்வுக் குழுப் பெண் சாதாரணமாக, "நேத்து லீவுக்கா" என்றாள். ஆத்திரத்தில் அன்றே ஆய்விலிருந்து விலகினேன்.

இப்போது யாராவது இப்படிச் சேரப் போவதாகச் சொன்னால், கையெழுத்துப் போடுமுன் அவசர எண்ணை ஒரு லீவு நாளில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.