டார்ச் வாங்கிய மரப்பலகை

ரயிலில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவருக்கு உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் டார்ச். பெட்டிக்குள் ஏறியதும் மனிதர் ஆட்களைப் பார்க்க மாட்டார். குனிந்து இருக்கைக்கு அடியில் டார்ச் அடிப்பார். டிக்கெட் வாங்காதவன் அங்கேதான் சுருண்டு கிடப்பான் என்பது அவர் நினைப்பு. ஒருமுறை சொந்த அண்ணனிடமே டிக்கெட் கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினார். டார்ச் அதைத் திருப்பியும் பார்த்தார்.

ஓய்வு பெற்றதும் அந்தக் கண் சும்மா இருக்குமா? பால்காரர், மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டுக்காரர் என்று வரிசையாக எல்லோர் மேலும் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்து மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, மாற்று வைக்கும்படி ஆயிற்று. கொடுத்தவள் மனைவியின் தங்கை. நாலு பேருக்கு முன்னால் டார்ச் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்ததும், எதற்காகக் கொடுத்திருப்பாள் என்று தனக்குள்ளேயே துருவ ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "எதிர்ப்புச் சக்திய மருந்து குடுத்துக் குறைச்சு வெச்சிருக்கோம். நமக்கு ஒரு நாள் வயித்து வலியோட போறது, இவங்களுக்கு உசுருக்கே ஆபத்தாயிடும். சமையல்கட்டு சுத்தமா இருக்கணும்."

அன்றே சமையல்கட்டு டார்ச் கைக்கு வந்தது. மனைவிக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. முதலில் மாட்டியது காய் வெட்டும் பழைய பிளாஸ்டிக் பலகை. குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கோடு. "ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் ஒரு கூட்டமே டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கு" என்று குப்பையில் போட்டுவிட்டு, பாத்திரக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் கண்ணாடிப் பலகையை எடுத்து வைத்தார். "இதுல ஒன்னும் ஊறாது சார்."

"கத்தி என்ன ஆகும்?"

"சீக்கிரம் மழுங்கும்."

"வழுக்கி என் விரல் போனா?"

கண்ணாடி உள்ளே போனது. மூங்கில் வந்தது. ஒரே துண்டா, ஒட்டியதா, ஒட்டியது என்றால் என்ன பசை என்று டார்ச் குடைந்தார். பசையைப் பற்றிக் கடைக்காரருக்கு என்ன தெரியும், பாவம். ஒரு மணி நேரம் கழித்து, ஒரே கட்டையில் அறுத்த கனமான மரப்பலகை ஒன்று டார்ச்சுக்குப் பிடித்தது. நகத்தால் அழுத்தினார், பள்ளம் விழவில்லை. முகர்ந்தார், வார்னிஷ் வாடை இல்லை.

"நல்ல மரம் சார். ரெண்டா எடுத்துக்குங்க. கறிக்கு ஒன்னு, காய்க்கு ஒன்னு."

டார்ச்சுக்கு மூக்கில் வியர்த்தது. "ஒன்னு கேட்டா ரெண்டு தள்ளிவிடப் பாக்கறீங்க. என் காதுல பூ சுத்தாதீங்க" என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பலகையை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் குழந்தையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கோழி வெட்டினாலும், கேரட் வெட்டினாலும், மேடையில் கிடந்தபடியே அதன் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார். எலுமிச்சை மூடியால் தேய்ப்பார். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பார். மரத்துக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளுமா? மேல்பக்கம் மட்டும் தினம் வெந்நீர் குடித்ததில் இரண்டே வாரத்தில் பலகை வளைந்தது. கத்தி வைத்தால் தடதடவென்று ஆடியது. டார்ச் ஒரு துணியை நனைத்து நாலாக மடித்து அடியில் கொடுத்தார். ஆட்டம் நின்றது.

ஞாயிறுதோறும் தங்கை வருவாள். எழுந்து நடமாட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விலாவைக் கையால் பிடித்துக்கொண்டுதான் படியேறுவாள். ஒரு நாள் சமையல்கட்டை எட்டிப் பார்த்தவள், "அத்தான், பலகைய கழுவிட்டு நிமித்தி வைங்க. ரெண்டு பக்கமும் காத்துப் படட்டும்" என்றாள்.

"நிமித்தி வெச்சா தூசி படும்."

இவளுக்கு எதற்கு என் பலகை மேல் கண் என்று அவருக்கு அன்று முழுக்க ஓடியது.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டிலேயே பப்பாளி நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா ஆசையாகச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கிருமி சாப்பாட்டு வழியாகத்தான் போயிருக்கும் என்றார். புதுச் சிறுநீரகம் தாங்குமா என்பதை இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியுமாம்.

தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள். டார்ச் அவளை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மறித்தார். "நீ கொண்டாந்த பழம்தான். உன் வீட்டுப் பலகை எந்த லட்சணத்துல இருக்கோ! இனிமே எதுவும் எடுத்துட்டு வராத. நீயும் வராத."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "சரி அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வெட்கக்கேடு. தன் உடம்பில் பாதியை வெட்டிக் கொடுத்த மாதிரி கொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அன்று டார்ச்சுக்கு, ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்திதான் இருந்தது.

சிறுநீரகம் தாங்கியது. ஆறாம் நாள் மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்தார். "தங்கச்சி ஏன் வரல?" என்று அவள் கேட்டாள். ஆஸ்பத்திரியிலும் தினம் இதையேதான் கேட்டாள். "வேலையாம்" என்று அதே பொய்யைச் சொல்லிவிட்டுக் கஞ்சி போடச் சமையல்கட்டுக்குப் போனார்.

ஆறு நாள் பூட்டிக் கிடந்த அறையில் ஏதோ வாடை அடித்தது. எலி என்று முதலில் சந்தேகப்பட்டார். அடுப்புக்குப் பின்னால், அலமாரிக்குக் கீழே, தொட்டிக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்தார். ஒன்றும் இல்லை. மூக்கு மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. பலகையின் மேல்பக்கம் பளபளவென்றிருந்தது. தூக்கினார். துணியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்து எடுத்தால், பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். துணி கொழகொழவென்றிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவிய கோழித் தண்ணீர் எல்லாம் எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதே பலகையில்தானே தினமும் வெள்ளரிக்காயை வெட்டிக் கொடுத்தார்!

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். "இதுவா இருக்கலாம். பழமாவும் இருக்கலாம். இனி கண்டுபிடிக்க முடியாது" என்றார் டாக்டர். டிக்கெட் பையில் இருக்கலாம் என்று சொன்ன பயணிகளில் ஒருவரையாவது டார்ச் விட்டிருப்பாரா? தங்கை எண்ணைத் தட்டினார்.

"அக்காவுக்கு என்ன அத்தான்?" எடுத்ததும் அவள் கேட்டது அதுதான்.

"அக்கா நல்லாருக்கா. வீட்டுக்கு வந்துட்டா." மேடையில் கிடந்த பலகையைப் பார்த்தார். "பலகைய இன்னைக்குத்தான் திருப்பிப் பாத்தேன்மா."

போனைக் காதில் வைத்தபடியே துணியைக் குப்பையில் போட்டார்.

"நீ நிமித்தி வெக்கச் சொன்ன. நான் கேக்கல. உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என்னோடது. நீ வந்து இந்தச் சமையல்கட்டப் பாரும்மா. நான் பாத்தது போதும்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள், விலாவைப் பிடித்துக்கொண்டு. கக்கத்தில் இரண்டு புதுப் பலகை: ஒன்று மரம், ஒன்று பிளாஸ்டிக். "மரம் காய்க்கும் பழத்துக்கும். பிளாஸ்டிக் கறிக்கு. கோடு விழுந்தா மாத்திடணும். ரெண்டையும் ரெண்டு பக்கமும் கழுவணும், துடைக்கணும், நிமித்தணும்." டார்ச் தலையாட்டினார். கடைக்காரர் சொன்னதும் இதேதான் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அவரே டார்ச்சை அவள் கையில் கொடுத்தார். மேடை, தொட்டி, கத்தியின் பிடி, ஒன்று விடாமல் பார்த்தாள். கடைசியில் வெளிச்சத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"கைய நீட்டுங்க அத்தான்."

டிக்கெட் இல்லாமல் மாட்டியவன் மாதிரி திருதிருவென்று விழித்தபடி இரண்டு கையையும் நீட்டினார். ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். "வெட்டணும்" என்றாள்.

"அங்க யாரு?" என்று அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

டார்ச் கதவருகே போய் நின்றார். "உன் தங்கச்சி. டார்ச் இப்ப அவ கையில. வேலைன்னு சொன்னது பொய். நான்தான் வராதன்னு சொல்லிட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்ததுக்கு அவதான் காரணம்னு சொன்னேன். காரணம் நானா இருந்தாலும் இருக்கும்."

மனைவி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்:

"ஏய், அந்த டார்ச்ச இனிமே அவர்கிட்டக் குடுக்காத."