கசெட்டின் மீதி நாடா

இன்று காலை நான் ஆங்கிலம் படிப்பிக்கும் வகுப்பில் என் கைப்பேசியை ஸ்பீக்கரோடு இணைத்தேன். பாடம் தொடங்குமுன் அதிலிருந்து, பழைய கசெட் ஓடுவதுபோல, மெல்லிய இரைச்சல் ஒன்று வந்தது. அவ்வளவுதான், மருதமுனையில் நான் ஐந்தாம் ஆண்டு படித்த வகுப்பறைக்கே போய்விட்டேன்.

எங்கள் ஆங்கில ஆசிரியை ஜெசீமா டீச்சர், உப்புக்காற்றுப் படாமல் பழைய சீலைத் துண்டில் சுற்றித் தன் வீட்டுக் கசெட் பெட்டியைக் கொண்டுவருவார். பெட்டரி இளைத்தால் நாங்கள் வெயிலில் காயவைப்போம். பள்ளிக்கூடத்தில் வெற்றுக் கசெட் கிடையாது. சவூதியில் இருந்த அவருடைய கணவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட்டின் மேலேயே டீச்சர் பாடத்தைப் பதிந்திருந்தார். பெட்டி சொல்லும்; நாங்கள் திருப்பிச் சொல்வோம்.

"ஹவ் ஆர் யூ?"

"ஹவ் ஆர் யூ?"

ஒருநாள் பாடம் முடிந்த பிறகும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழியாமல் மிஞ்சியிருந்த கணவரின் குரல் கேட்டது.

"சுகமா இரிக்கியா புள்ள?"

பழக்கத்தில் வகுப்பே சேர்ந்து கத்தியது: "சுகமா இரிக்கியா புள்ள?"

டீச்சர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரித்தாரோ என்னவோ. பிறகு பலகையைப் பார்த்தபடியே, "ஓம், சுகந்தான்" என்றார்.

இப்போதைய கருவிகளில் பதிவெல்லாம் சுத்தம். அடியில் எவருடைய குரலும் மிஞ்சுவதில்லை. ஸ்பீக்கர் "ஹவ் ஆர் யூ?" என்றது. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"ஓம், சுகந்தான்."

முன்வாங்கில் இருந்த சிறுமி கேட்டாள்: "ஆருக்கு டீச்சர் சொல்றீங்க?"